உள்ளே உட்காரும்மா, கூப்பிடறோம்

ஆவணி அமாவாசையன்று பிற்பகலில் அரங்கநாதன் செஞ்சி பஸ் நிலையத்தில் வந்து இறங்கினான். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் அதற்குள் ஆட்களை அடைத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்திருந்தன. ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களை விலக்கிக்கொண்டு, கோட்டைப் பக்கம் போகும் தெருவில் நடந்தான்.

ஜான் பாஷா குடும்பத்தின் பழைய கிடங்கு வீடு அந்தத் தெருவின் கடைசியில் இருந்தது. முன்னறை, நடு அறை, பின்னறை என்று ஒன்றன் பின் ஒன்றாக மூன்று அறைகள். சுவர்கள் அத்தனை கனம். பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் உள்ளே ஆள் முகம் தெரியும். அமாவாசைக் கூட்டத்தில் தொலைந்தவர்களைச் சொந்தக்காரர்களோடு சேர்த்துவைக்க ஒரு சேவை மன்றம் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. கம்ப்யூட்டரும் அதற்கான புரோகிராமும் அரங்கநாதனுடையவை. 1989-ல் அந்தப் பக்கத்தில் அது பெரிய அதிசயம். போன மாதம் ஊரே வந்து எட்டிப் பார்த்தது. அவனுக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிருந்தது.

வாசற்படியில் ஒரு பெரியவர் குந்தியிருந்தார். கோதண்டராமன். அவலூர்பேட்டைப் பக்கத்து விவசாயி. ஆடி அமாவாசைக் கூட்டத்தில் மனைவி விருத்தாம்பாளைத் தொலைத்தவர்.

"இன்னும் கெடைக்கல சார். திருவண்ணாமல வரைக்கும் தேடிட்டேன். இந்த வாட்டியாவது உங்க மிஷின்ல வருதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பாக்கலாம் பெரியவரே. உக்காருங்க."

சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டான். ஆடி அமாவாசையன்று அவர் திரும்பத் திரும்ப வந்து, கூட்டத்துக்கு அப்பால் வாசலிலேயே நின்று கேட்டதும், இவன் திரையைத் தட்டிக் காட்டி "மிஷின் பொய் சொல்லாது, அப்படி யாரும் வரல" என்று கூடியிருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னதும் ஞாபகம் வந்தது. நினைக்கவே கூச்சமாக இருந்தது.

நடு அறையில் மேசை வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. ஜான் பாஷா அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் பின்னறைக் கதவு. அதில் பூட்டுத் தொங்கியது.

ஈரமான வேப்பிலை வாசனை அடித்தது.

"இன்னா பாய் இது, வேப்பில வாசனை?"

"பின்ரூம்லேந்து வருது சார். ரெண்டு வாட்டி கழுவி வுட்டேன், போகல. மத்தபடி ஒரு மாசமா பூட்டித்தான் கெடக்குது" என்றார் ஜான் பாஷா. டீ வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அரங்கநாதன் மிஷினைப் போட்டான். போன மாத விவரங்களை எல்லாம் அழித்தான். தேடப்படுகிறவர்கள் பகுதியில் விருத்தாம்பாள் பெயரை மட்டும் புதிதாக ஏற்றினான். கிடைத்தவர்கள் பகுதி காலி. பார்ப்பதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் வாசலில் ஒருவர் காத்திருக்கிறாரே என்று தேடச் சொன்னான்.

போன தடவை மிஷின் ரொம்ப மெதுவாக வேலை செய்ததால், அது உள்ளே என்னதான் செய்கிறது என்று பார்க்க ஒரு வசதி செய்திருந்தான். கேட்ட கேள்விக்கு மிஷின் போட்டுக்கொள்ளும் பிளான் திரையில் ஓடும். அந்தப் பிளானில் ஒவ்வொரு வேலைக்கும் புரோகிராமின் ஒரு பகுதி, ஆபரேட்டர் என்பார்கள். அடியில் ஸ்கேன், கிடைத்தவர்களை முதலிலிருந்து ஒவ்வொருவராக எடுத்துத் தரும். அதற்கு மேலே ஜாயின். கிடைத்தவரின் பெயரும் தேடப்படுகிறவரின் பெயரும் ஒன்றாக இருந்தால் மேலே அனுப்பும், இல்லையென்றால் தள்ளிவிடும். உச்சியில் இருப்பது நமக்குக் காட்டும். எதுவும் தானாக முன்வந்து தராது. மேலே இருப்பது 'அடுத்தது' என்று கேட்டால்தான் கீழே இருப்பது ஓர் ஆளைக் கொடுக்கும்.

ஜாயின், அடுத்தது என்று கேட்டது.

ஸ்கேன் ஓர் ஆளைக் கொடுத்தது.

அரங்கநாதன் குனிந்து பார்த்தான். காலியான இடத்திலிருந்து ஓர் ஆள். பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அவனுக்குப் பின்னால், பூட்டிய அறைக்குள், யாரோ கையை ஊன்றி எழுந்தார்கள்.

வெறுங்கால் தரையில் தேய்ந்தது. கண்ணாடி வளையல் உரசியது. நடை கதவுவரை வந்து நின்றது.

திரையில் அடுத்த வரி வந்தது. பொருந்தவில்லை, தள்ளு.

நடை திரும்பிப் போனது. மெதுவாக, முட்டி வலிக்கிற ஒருவர் உட்காரும் சத்தம்.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். எந்த எலி வளையல் போட்டிருக்கும்? மறுபடி தேடச் சொன்னான். மறுபடியும் எழுந்தார்கள். கதவுவரை வந்தார்கள். தள்ளு என்று வரி ஓடியதும் திரும்பிப் போனார்கள்.

டீயோடு வந்த ஜான் பாஷா அவன் முகத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"இன்னா சார், வேர்த்துக் கொட்டுது?"

"பாய், போன மாசம் அந்த ரூம்ல யார் இருந்தாங்க?"

"தொலஞ்சு வந்தவங்கள அங்கதான சார் உக்கார வெச்சோம். ஒரு அம்மா, தலைல வேப்பில சொருகியிருந்துச்சு. வெயில்ல விழுந்து எந்திரிச்சதோ இன்னாவோ, பேச்சே வரல. மன்றத்துப் பசங்க பேர் எழுதாமலே உங்ககிட்ட சீட்டக் குடுத்துட்டானுங்க. ராத்திரி மயக்கம் போட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழிலயே..." ஜான் பாஷா குரலைத் தாழ்த்தினார். "யாரும் தேடி வரலன்னு ஆஸ்பத்திரிக்காரங்களே அடக்கம் பண்ணிட்டாங்க. நீங்க அதுக்கு முன்னாடியே கடைசி பஸ்ஸுக்குப் போயிட்டீங்க. நமக்கு எதுக்குன்னு நானும் சொல்லல."

"அந்தம்மா சும்மா உக்காந்திருந்தாங்களா?"

"எங்க சார்! எந்திரிச்சு எந்திரிச்சு இங்க வந்து உங்க நாற்காலிக்குப் பின்னாடி நிக்கும். நீங்கதான உள்ள அனுப்புனீங்க?"

அரங்கநாதனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வளையல் சத்தம். முதுகுப் பக்கம் யாரோ மூச்சு விட்டது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் சொன்னது: "உள்ளே உட்காரும்மா, கூப்பிடறோம்."

பெயர் இல்லாதவர் ஜாயினில் யாரோடும் பொருந்தமாட்டார். பெயர் இல்லாத இன்னொருவரோடுகூடப் பொருந்தமாட்டார். இந்தத் தொழிலில் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம் அது. மிஷின் பொய் சொல்லவில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டவன் அவன். கழுத்தைத் திருப்பியிருந்தால் மிஷினே தேவைப்பட்டிருக்காது.

பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. கேள்வியைத் திருத்தி எழுதினான். பொருந்தாவிட்டாலும் தள்ளாதே, கிடைத்தவர்கள் எல்லோரையும் காட்டு.

ஜாயின் கேட்டது. ஸ்கேன் கொடுத்தது.

பின்னறையில் எழுந்தார்கள்.

நடை கதவருகே வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. பூட்டு அசையாமல் தொங்கிக்கொண்டிருக்க, வெறுங்கால்கள் நடு அறைத் தரையில் நடந்து வந்தன.

நாற்காலிக்குப் பின்னால் நின்றன.

ஜான் பாஷாவின் கையிலிருந்து டீ டம்ளர் நழுவி விழுந்தது. அரங்கநாதன் திரும்பவில்லை. அந்த முகத்தைப் பார்க்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று பட்டது.

வாசலில் கோதண்டராமன் எழுந்து நின்றிருந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"அவ வாசன வருது சார்."

"ஐயா..." அரங்கநாதனுக்கு வாய் குழறியது. "அன்னிக்கு அவங்க இங்கதான் இருந்தாங்க. இந்த ரூம்லதான். நீங்க கேட்டப்ப நான் இல்லேன்னு சொன்னேன். நான்தான் அவங்கள உள்ள அனுப்பினேன். இப்ப அவங்க உயிரோட இல்லீங்க. என்ன மன்னிச்சுடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

அவர் அடிப்பார் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் முன்னறையைத் தாண்டி மேசைவரை வந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் வாசல்ல பேசுனது அவளுக்குக் கேட்டுச்சா?"

ஜான் பாஷாதான் மெல்லச் சொன்னார். "உங்க கொரலு கேட்டப்பல்லாம்தான் அந்தம்மா எந்திரிச்சுது பெரியவரே."

கோதண்டராமன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். நாற்காலிக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

"வா, போலாம். பஸ்ஸு போயிடும்."

பக்கத்தில் ஒருவருக்கு வழி விட்டு நடப்பதுபோல, படியில் ஓரமாக ஒதுங்கி இறங்கினார். வேப்பிலை வாசனை அரங்கநாதனின் தோளை ஒட்டிக் கடந்து வாசலோடு போய்விட்டது.

தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். அப்போது கரண்ட் போனது. ஃபேன் நின்றது. திரை அணைந்தது. இனி 'அடுத்தது' என்று கேட்க மிஷினும் இல்லை.

பின்னறையில் யாரோ கையை ஊன்றி எழுந்தார்கள்.

இன்னொருவரும் எழுந்தார்.

அதற்கடுத்து, சின்னக் கால்கள்.

போன மாதம் பேர் எழுதாத சீட்டு ஒன்றுதானா? திரும்பிப் பார்க்காமல் எத்தனை பேரை உள்ளே போய் உட்காரச் சொன்னோம்? யோசித்துப் பார்த்தான். அவனுக்கு ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை.

நடைகள் கதவருகே வந்து நின்றன.

அரங்கநாதன் எழுந்து, நாற்காலியைப் பின்னறைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.