சாமித் தட்டில் சாத்திய போன்

குளித்துவிட்டு ஈரத்தோடு அறைக்குள் வந்தபோது பாட்டு நின்றிருந்தது. ரமணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்துமலைப் பால்குட விரதம் தொடங்கிய பத்து நாளாகக் காலையும் மாலையும் இதே வழக்கம்தான்: சாமித் தட்டில் விபூதிச் சம்படத்தின்மேல் போனைச் சாத்தி, பக்திப் பாட்டைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள்; பிரிக்பீல்ட்ஸில் அந்தச் சின்ன அடுக்குமாடி வீட்டில் சாமி அறையும் படுக்கை அறையும் ஒன்றுதான் என்பதால் பாட்டு ஓட ஓட அங்கேயே சேலை மாற்றுவாள். சாமிக்கு முன்னால் என்ன வெட்கம்.

போனைத் தொட்டாள். சுட்டது. யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் வைத்திருந்த மாதிரி ஒரு பிசுபிசுத்த சூடு. திரையின் மூலையில் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டு ஃபஹீமா ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்ப்பவள். சேலையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போனாள் ரமணி. புதிதாக எதையாவது ஏற்றினீர்களா என்று ஃபஹீமா கேட்டாள். பால்குடத்துக்குப் பெயர் பதிகிற ஆப், பெண்கள் வாட்சப் குழுவில் வந்தது என்றாள் ரமணி. முருகன் படத்தோடு வந்ததைச் சந்தேகப்பட மனசு வரவில்லை. அது கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று தட்டியிருந்தாள்.

“கேமரா, மைக் எல்லாத்துக்குமா அக்கா?”

“எல்லாத்துக்கும்தான்.”

ஃபஹீமா போனை வாங்கித் திரையைத் தள்ளிப் பார்த்தாள். “ஆப் ஸ்டோர்ல இல்லாதத ஏத்தவே கூடாதுக்கா. இந்தப் பச்சைப் புள்ளி இருந்தா கேமரா ஓடுதுன்னு அர்த்தம். யாரோ பாத்துக்கிட்டு இருக்கான்.”

ரமணி சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மஞ்சள் தேய்த்துக் குளித்த உடம்பெல்லாம் எவனோ எச்சில் தடவிய மாதிரி அருவருப்பு. சீ. கவிச்சி தொடாமல், பாயில் படுத்துக் காத்த சுத்தத்தை ஒரு நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறது. எந்த வேளை? எல்லா வேளையும்.

அந்த வாட்சப் குழுவுக்குத் தலைவி ரமணிதான். எழுபது பெண்கள் அவள் பேச்சை நம்புகிறவர்கள். அவர்களை எச்சரிக்கக் குழுவைத் திறந்தாள். அங்கே அவள் பெயரில், அவள் அனுப்பாத ஒரு குரல்பதிவு. தட்டினாள்.

“எல்லாரும் ஆப்ப ஏத்திட்டீங்கதானே? பாட்டப் போட்டு போன சாமிகிட்ட சாத்தி வைங்க லா.”

அவள் குரல். அவள் இழுப்பு. கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். ஏற்றாதீர்கள் என்று தட்டினாள். எழுத்துகள் தாமாகவே அழிந்தன. மறுபடி தட்டினாள். அழிந்தன.

ஃபஹீமா போனைப் பிடுங்கி அணைத்தாள். மற்றவர்களின் எண்கள் அதற்குள்தான் இருந்தன. ரமணிக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கிள்ளானில் தனியாக இருக்கும், அதே குழுவில் உள்ள அவள் அம்மா நல்லம்மாளின் வீட்டுத் தொலைபேசி எண். ஃபஹீமாவின் போனிலிருந்து அழைத்தாள்.

“அம்மா, கைப்பேசிய அணைச்சிடுங்க. மொதல்ல கவுத்துப் போடுங்க.”

“நீதானே சாமிகிட்ட சாத்தச் சொன்ன? இப்பதான் குளிச்சேன், ஈரத்தோட நிக்கிறேன்.”

“நான் சொல்லலம்மா. அது நான் இல்ல.”

அந்தப் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

நல்லம்மாளின் சாமித் தட்டிலிருந்து, ரமணியின் குரலில், அன்பாக:

“அங்க யாரோ ஏமாத்துறாங்கம்மா. அந்த போன வைங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க.”

தொலைபேசியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. ஈரக்கால்கள் நடந்து போயின.