மாமா வாங்கிய மார்க்

காலை பத்து மணிக்கு, அக்கா வீட்டில் இருக்கும் தம்பியின் நிம்மதி களவு போயிருப்பது தெரியவந்தது. மனநல மருத்துவமனையின் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள் கணக்குப்படி, நூற்றுக்கு இருபத்தெட்டுதான் மிச்சம்.

"மனச்சிதைவுக்கு மருந்து ஒழுங்கா சாப்பிடறான். காதுல குரல் கேக்கறதும் நின்னுபோச்சு. அப்புறமும் வாழ்க்கைத்தரம் இவ்வளவுதானா?" என்றார் டாக்டர். "வீட்ல ஏதோ கொடுமை நடக்குது. நாளைக்கே நம்ம விடுதியில தனி ரூமுக்கு மாத்திடலாம்."

சமூகப் பணியாளருக்கு மனம் ஒப்பவில்லை. மருத்துவமனையில் அவளுக்குப் பட்டப்பெயர் 'துப்பு'. வெளிநாட்டிலிருந்து வந்த அந்தக் கேள்வித்தாளைத் தம்பிக்கு வாசித்துக் காட்டியவளே அவள்தான். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. ஆனால் ஒவ்வொரு 'இல்லை'யையும் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அது உறுத்தியது.

மதியம் அவன் வீட்டுக்குப் போனாள். சந்தேகத்துக்குரியவர்கள் இருவர்: அக்கா, அக்காள் புருஷனான தையல்காரர். இருப்பது ஒரே அறை. மாமா தைத்துப் போட்ட சட்டைகளுக்குத் தம்பி பட்டன் வைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பிக்குத் தனி ரூம் இல்லையா?"

"எனக்கே இல்லீங்களே," என்றார் தையல்காரர்.

"தம்பியோட சம்பளம்?"

"வாங்கின கையோட அக்காகிட்ட குடுத்துடுவான்."

"உங்களுது?"

மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "அதுவும் அங்கதாங்க போகுது."

"தம்பி நினைச்சா வெளியில போகலாமா?"

"சொல்லாம வாசல் தாண்டிடுவாங்களா ரெண்டு பேரும்?" என்றாள் அக்கா.

துப்பு பையிலிருந்து புதிய கேள்வித்தாள் ஒன்றை எடுத்தாள். "அண்ணே, கொஞ்சம் உக்காருங்க."

மறுநாள் டாக்டர் அறையில் எல்லோரும் கூடினார்கள்.

"திருடன் கிடைச்சாச்சு டாக்டர். இந்தக் கேள்வித்தாள்தான்," என்றாள் துப்பு.

"புரியும்படியா சொல்லும்மா."

"தனி ரூம் இருக்கா, காசு உங்க கையில இருக்கா, முடிவை நீங்களே எடுக்கறீங்களா? இல்லைன்னா மார்க் போச்சு. தனியா இருக்கறதே நல்ல வாழ்க்கைன்னு நினைக்கறவங்க எழுதினது. இவங்க வீட்ல ஒருத்தரைத் தனியா விட்டா, கைகழுவிட்டாங்கன்னு அர்த்தம். யார்கூட உக்காந்து சாப்பிடறீங்கன்னு ஒரு கேள்விகூட இதுல இல்ல. நாம கவனிக்காம விட்டது ஒண்ணுதான். நோயாளியை மட்டும் கேட்டோம், அதே வீட்ல நோய் இல்லாதவரைக் கேக்கல. நேத்து கேட்டேன். மாமாவோட மார்க் இருபத்திரண்டு."

டாக்டர் விடுதிக்கு மாற்றும் உத்தரவைக் குறுக்கே அடித்துவிட்டுத் தையல்காரரைப் பார்த்துச் சிரித்தார். "அப்போ உங்களைத்தான்யா அங்க அனுப்பணும்!"

"தாராளமா கூட்டிட்டுப் போங்க சார்," என்றாள் அக்கா.

தம்பி பதறிப்போய் எழுந்தான்.

"வேணாம் டாக்டர். மாமா தனியா படுக்க பயப்படுவாரு."