ழ படுத்திய பாடு

வாலுவுக்கு ‘ழ’ மட்டும் வராது. வாழைப்பழம் அவள் வாயில் ‘வாளப்பளம்’ ஆகிவிடும். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, சித்தியின் பாட்டு காணாமல் போகும்வரை.

சித்திக்குக் கண் தெரியாது. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. உள்ளங்கை அளவில் ஒரு மியூசிக் பிளேயர் புதிதாக வாங்கியிருந்தார். அதன் திரையில் வெறும் எழுத்துதான் வரும். பாட்டு மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் சித்தப்பாவைக் கூப்பிட வேண்டும். அவரோ குளித்துக்கொண்டிருப்பார்.

நல்லவேளையாக, திரையில் வரும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு குரலைப் பதிந்துகொள்ள அதில் வசதி இருந்தது. வாலு உட்கார்ந்து முப்பத்தாறு வரிகளையும் பேசிப் பதிந்தாள். “மேலே”, “கீளே”, “சத்தத்தைக் கூட்டவும்.” சித்தி பட்டனை நகர்த்த நகர்த்த, பிளேயருக்குள்ளிருந்து வாலு பேசினாள். சித்தி தானே பாட்டு வைத்துக் கேட்டார். அன்று அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு!

வியாழக்கிழமை சித்தி பதறினார். “வாலு, என் பாட்டைக் காணோம்டி!”

ஞாயிற்றுக்கிழமை அவர் மேடையில் பாட வேண்டிய பாட்டு அது. பாட்டு டீச்சர் பாடிப் பதிந்து கொடுத்தது.

சித்தப்பா பிளேயரை வாங்கிப் பார்த்தார். “நீதான் அழிச்சிருக்கே. இனிமே இதைத் தொடாதே. கேக்கணும்னா சொல்லு, நான் போட்டுத் தரேன்.”

சித்தியின் முகம் வாடிவிட்டது. “நான் எதையும் அழிக்கலையே,” என்றார்.

வாலுவுக்குப் பொறுக்கவில்லை. “கடைசியா எதை அமுக்கினீங்க சித்தி?”

“நீ சொன்னதைத்தான். ‘பாட்டை அளிக்கவும்’னே. ரேடியோல சொல்ற மாதிரி இருந்துச்சு. பாட்டைக் குடுக்கப் போகுதுன்னு அமுக்கினேன்.”

வாலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சொல்ல நினைத்தது, ‘அழிக்கவும்’!

“சித்தப்பா, தப்பு சித்தி மேல இல்ல. என் நாக்கு மேல,” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

சித்தப்பா விழித்தார். விஷயம் புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். டீச்சருக்குப் போன் செய்தார். சாயங்காலமே பாட்டு திரும்ப வந்தது.

“ஆனாலும் பிளேயர் என்கிட்டயே இருக்கட்டும். அதுதான் பத்திரம்,” என்றார்.

“ஒரு மணி நேரம் டைம் குடுங்க சித்தப்பா!”

வாலு பிளேயரோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ‘ழ’வோடு மல்லுக்கட்டினாள். அது மசியவில்லை. சரி, ‘ழ’வே இல்லாமல் சொன்னால் என்ன? அந்த வரியை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்தாள்.

அவள் வெளியே வந்து பிளேயரைக் கொடுத்ததும் சித்தி பட்டனை நகர்த்திப் பார்த்தார். பிளேயர் அலறியது: “சித்தி! கையை எடுங்க! இதை அமுக்கினா பாட்டு போயிடும்!”

“இதுக்கு மேல யாராலயும் தெளிவா சொல்ல முடியாது,” என்று சித்தப்பா ஒப்புக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் தானும் ஒரு பாட்டை உரக்கப் பாடி அதில் பதிந்தார். பிறகு பிளேயரைச் சித்தியின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

சித்தி அந்தப் பாட்டை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பட்டனை நகர்த்தினார்.

“சித்தி! கையை எடுங்க! இதை அமுக்கினா...”

சித்தி அமுக்கினார்.

“ஐயோ, என் பாட்டு!” என்றார் சித்தப்பா.

“இந்தத் தடவை தெரிஞ்சேதான் அமுக்கினேன்,” என்றார் சித்தி.