இரண்டு வெளிச்சம் சேரும் பட்டை

மதியம் வேன் அந்தப் பழைய ஆஸ்பத்திரியின் பின்வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியவள் நூலக்கா. ப்ரொஜெக்டர் பொருத்துவது அவள் தொழில். சுவரில் படம் ஒரு நூல் கோணினாலும் விடமாட்டாள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கூட வந்தவன் அவள் கொழுந்தன். வீடியோ வெட்டி ஒட்டுகிறவன். பைக்கிலிருந்து விழுந்து மாதக்கணக்கில் படுத்திருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்திருந்தான். அவனைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி காலையில் அவள் கணவன் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தான்.

ஆஸ்பத்திரியை இடிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால், அங்கே வேலை பார்த்தவர்கள் ஒரு மாலை கூடுகிறார்கள். ஓய்வு பெற்ற தலைமை நர்ஸம்மா செய்த ஏற்பாடு. அந்தக் காலத்தில் யாரோ எடுத்த படச்சுருளை வீடியோவாக மாற்றி, நீளமான வார்டின் சுவர் முழுக்க ஓட்டவேண்டும். கதவைத் திறந்துவிட்ட நர்ஸம்மா உள்ளே மட்டும் வரவில்லை. முட்டி வலி என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

வார்டின் ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்திருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே இருட்டு குளிர்ந்து கிடந்தது. எத்தனையோ வருடம் மூடியிருந்த இடத்தில், இப்போதுதான் யாரோ துடைத்துவிட்டுப் போனதுபோல ஈரத்துணியும் மருந்தும் கலந்த வாடை.

மூன்று ப்ரொஜெக்டர்களையும் ஏற்றி வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்துப் படங்கள் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். அந்தப் பட்டையில் இரண்டு வெளிச்சமும் தேய்ந்து கலந்தால்தான் ஒட்டுத் தெரியாமல் ஒரே படமாகும். ஏறி நிற்கிற அகலத்தை மொத்தத்தில் கழித்துவிட்டுத்தான் வீடியோவுக்கு அளவு போடவேண்டும். கொழுந்தன் கழிக்க மறந்துவிட்டான். சுவரில் நடந்த நர்ஸுகளெல்லாம் பக்கவாட்டில் நசுங்கி, ஒல்லிக்குச்சியாகத் தெரிந்தார்கள்.

சோறே போடாமல் வேலை வாங்கியிருக்கிறார்கள் என்று அவன் சிரித்தான். நூலக்காவும் சிரித்தாள். பிறகுதான் கவனித்தாள்.

ஒருத்தி மட்டும் சரியான அளவில் இருந்தாள்.

இடது பக்கம், இரண்டு வெளிச்சம் சேரும் பட்டையில், சுவரைப் பார்த்து முதுகு காட்டி நின்றிருந்தாள். வெள்ளை உடை. தோளிலிருந்து இடுப்பு வரை அளவு கச்சிதம்.

கொழுந்தன் அளவைத் திருத்தினான். நசுங்கியிருந்தவர்கள் எல்லாரும் விரிந்து மனிதர்களானார்கள். வீடியோவில் இருப்பவளானால் அவளும் விரிந்திருக்கவேண்டும்.

அவள் விரியவில்லை.

நூலக்கா வீடியோவை நிறுத்தி, சோதனைக் கட்டங்களை மட்டும் போடச் சொன்னாள். சுவரெல்லாம் வெறும் கோடுகளும் வட்டங்களும். வட்டங்கள் துளியும் நசுங்காமல் உருண்டையாக இருந்தன.

கட்டங்களுக்கு நடுவே வெள்ளை உடை அப்படியே நின்றது.

சுவரில் ஏதோ கறை, போய்த் துடைத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான் கொழுந்தன். வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் பட்டைக்குள் போய்விட்டான். இரண்டு ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் நிற்பவனுக்கு வெளிறிய நிழல் இரண்டு விழும். எத்தனையோ சுவர்களில் அவள் பார்த்ததுதான்.

சுவரில் மூன்று நிழல் இருந்தது.

அவன் கையைத் தூக்கினான். இரண்டு நிழல்கள் கையைத் தூக்கின. மூன்றாவது, தலையை மட்டும் மெதுவாகத் திருப்பியது.

வெள்ளை உடையைக் காணோம்.

வெளிச்சம் இருந்தால்தானே பட்டை இருக்கும்? அந்த ஒரு நினைப்பில் அவள் மெயின் சுவிட்சைத் தட்டினாள். ப்ரொஜெக்டர்களின் மின்விசிறிகள் முனகி அடங்கின. கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. மருந்து வாடை மட்டும் பக்கத்தில் வந்தது.

"அண்ணி..." அவன் குரல் சுவரோரத்திலிருந்து வந்தது. "கையை விடுங்க. வலிக்குது."

அவள் சுவிட்சுப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"அண்ணி, நாடி பாக்கிற மாதிரி எதுக்குப் பிடிக்கிறீங்க?"

அவள் செல்போன் வெளிச்சத்தோடு ஓடி, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, தூக்காத குறையாக வெளியே இழுத்து வந்தாள். வெயிலில் நின்ற பிறகும் அவன் பற்கள் கிடுகிடுத்தன. மணிக்கட்டில் மூன்று விரல் பதிந்த தடம். பெஞ்சிலிருந்த நர்ஸம்மா அதைப் பார்த்தார். யார், என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை.

அவனை உடனே வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவளும் போயிருப்பாள். ஆனால் கைத்தடியோடும் சக்கர நாற்காலியிலும் ஆட்கள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. நர்ஸம்மாவின் அனுமதியோடு ப்ரொஜெக்டர்களை விலக்கிவைத்தாள். மூன்று தனித்தனிப் படம். நடுவில் இரண்டு கறுப்பு இடைவெளி. எந்த வெளிச்சமும் எதன்மேலும் ஏறாது. வாழ்நாளில் அப்படி ஒரு அரைகுறை வேலையை அவள் செய்ததில்லை.

இந்த முறை நர்ஸம்மாவும் உள்ளே வந்து உட்கார்ந்தார். நிகழ்ச்சி முடியும்வரை நூலக்கா தலையை நிமிர்த்தாமல் கம்ப்யூட்டரையே பார்த்திருந்தாள். வந்தவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள், கைதட்டினார்கள். எல்லாரும் கிளம்பியதும் மூன்று ப்ரொஜெக்டர்களையும் பெட்டிகளில் போட்டு வேனில் ஏற்றிக் கதவைப் பூட்டியபோதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

நர்ஸம்மா தடியூன்றி வேன் அருகே வந்தார். எல்லாருக்கும் ரொம்பத் திருப்தி என்றார்.

"மத்த படத்துல எல்லாரும் நடந்துட்டே இருந்தாங்க, முகம் பிடிபடலை. இடைவெளியில நின்னவங்களைத்தான் கண்ணார பாத்தோம். அதே உயரம், அதே நிறம்."

நூலக்கா வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அசதியில மறந்துட்ட போல. அந்தப் படம் மட்டும் உள்ள இன்னும் ஓடிட்டிருக்கு. அணைச்சிட்டுப் போம்மா."