சோம்பேறிச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றியது?

அந்த வீட்டில் ஒரு வேலை நடக்க வேண்டும் என்றால், அதை எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இது அம்மா கண்டுபிடித்த வழி.

கொடியில் காய்கிற துணியை எடுக்க வேண்டுமா? அப்பாவின் காதில் ஒரு தடவை சொல்வார். மகளிடம் ஒரு தடவை. தம்பியிடம் ஒரு தடவை.

"எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சாத்தான் ஒருத்தராவது செய்வீங்க" என்பார் அம்மா.

பெரும்பாலும் அந்த ஒருத்தரும் செய்யமாட்டார். கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே அம்மாதான் போய் எடுத்து வருவார்.

இப்போது அம்மா இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் நின்றுவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. வீடோ மேல் மாடியில். மூச்சு வாங்க ஏறி வரும்போதெல்லாம் அம்மா, "ஊருக்கெல்லாம் லிஃப்ட், நமக்குப் படி" என்பார். அப்பா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பார்.

இப்போது அதை யாரும் சொல்வதில்லை. படிகள் மட்டும் இருக்கின்றன.

மகளுக்குப் பத்து வயது. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்பதால் அவளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி ஒன்றாம் வகுப்பில் படிக்கிறான். அம்மாவின் தங்கையான சித்தி தினமும் மதியம் வந்து சமைப்பார், இரவு இவர்களோடு சாப்பிட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போவார்.

இந்த நான்கு பேரும் அம்மாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒரு நாள் சாப்பிடும்போது தம்பி, "அம்மா இருந்தா எனக்கு ஊட்டி விடுவாங்க" என்றான். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு எல்லோரும் வாயைப் பூட்டிக்கொண்டார்கள். வாயாடிக்குக்கூட அம்மா என்ற சொல் தொண்டை வரை வந்து, அங்கேயே நின்றுவிடும்.

ஜன்னல் ஓரத்தில் அம்மாவின் தையல் மெஷின் இருந்தது. தம்பிக்காகப் பாதி தைத்த சட்டை ஊசிக்குக் கீழே அப்படியே கிடந்தது. ஒரு கை வைத்தாயிற்று, இன்னொரு கை வைக்கவில்லை. அதை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

மெஷினுக்கு மேலே, கொக்கியில், அம்மாவின் செடித் தொட்டி தொங்கியது. கொழுகொழுவென்று சின்ன இலைகள். தொட்டி விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கும் தண்டுகள். நல்ல வெயில் வந்த பிறகுதான் அதன் இளஞ்சிவப்புப் பூக்கள் கண் திறக்கும். வெயில் இறங்கினால் மூடிக்கொள்ளும். அதனால் அம்மா அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அம்மா வாயாடியின் காதோரம் குனிந்து, "சோம்பேறிக்குத் தண்ணி ஊத்த மறந்துடாத" என்றார்.

வாயாடி மறக்கவில்லை. தினமும் பள்ளிக்குப் போகும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா தனக்குக் கொடுத்த கடைசி வேலை அது. அதைப் பங்கு போட அவளுக்கு விருப்பமில்லை.

ஆனால் செடி சோர்ந்துபோனது.

முதலில் தண்டுகள் துவண்டன. பாவம், தாகம் போல என்று நினைத்து வாயாடி இரண்டு டம்ளர் ஊற்றினாள். அப்புறம் இலைகள் மஞ்சளாகி, உள்ளே தண்ணீர் தெரிகிற மாதிரி வெளிறின. தொட்டால் உதிர்ந்தன. விரலில் கூழ் மாதிரி ஒட்டின. பூ ஒன்றுகூட இல்லை. தொட்டியிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, கீழே கிடந்த சட்டையில் கறை பிடித்தது.

கறையை விரலால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. அம்மா சொன்ன ஒரே ஒரு வேலை. அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே.

ஒரு விடுமுறை நாள். உதிர்ந்த இலைகளை வெளியே தட்டிவிட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கீழ் வீட்டு ஜன்னலின் சன்ஷேடில் இளஞ்சிவப்பாக என்னவோ தெரிந்தது.

சோம்பேறிதான்.

எப்போதோ காற்றில் ஒடிந்து விழுந்த தண்டு அது. வெறும் சிமெண்ட், அதன் மேல் கொஞ்சம் தூசு, புறாக்கள் போட்ட குப்பை. அங்கே வேர் பிடித்து, விளிம்பைத் தாண்டித் தொங்கி, பூத்துக் குலுங்கியது.

வாயாடிக்குக் கோபமே வந்துவிட்டது. "உன்னைத் தாங்கு தாங்குன்னு தாங்கினா சாகுற. யாரும் திரும்பிப் பாக்காத இடத்துல சிரிக்கிறியா?"

பிறகு யோசித்தாள். மழை பெய்து ரொம்ப நாளாகிவிட்டது. சன்ஷேடில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? ஒருவரும் இல்லை. அப்படியானால்?

ஸ்டூல் மேல் ஏறித் தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டாள். மண்ணா அது? சேறு. விரலை மோந்து பார்த்தாள். சாக்கடை நாற்றம் அடித்தது.

தண்ணீர் குறைந்து செடி வாடவில்லை. தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்தது.

அன்று அவள் தண்ணீர் ஊற்றவில்லை. மறுநாளும் ஊற்றவில்லை. மறுநாள் சாயங்காலம் விரலை விட்டுப் பார்த்தால், மண்ணுக்கு மேலே தண்ணீர் குளம் கட்டி நின்றது.

"நான் ஊத்தலையே" என்றாள் செடியிடம். "அப்ப யாரு?"

இரவுச் சாப்பாட்டின்போது வழக்கம் போல தட்டுகளின் சத்தம் மட்டும் கேட்டது. கேட்டால் அப்பா எழுந்து போய்விடுவாரோ? கேட்காவிட்டால் செடி செத்துப்போகும். தொண்டையில் நின்ற சொல்லை வாயாடி வெளியே தள்ளினாள்.

"அம்மா செடிக்கு யாரு தண்ணி ஊத்துறீங்க?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. சித்தி தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் இல்ல" என்றான் தம்பி, அவசரமாக.

"உன்னை நான் கேக்கவே இல்லையேடா."

தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கொஞ்சூண்டுதான். ஸ்கூல் பாட்டில்ல மிச்சம் இருக்கிறத ஸ்டூல் போட்டு ஊத்துவேன். அம்மா என்கிட்டதான் சொன்னாங்க. சோம்பேறிக்குத் தண்ணி ஊத்த மறந்துடாதன்னு."

சித்தி மெதுவாக நிமிர்ந்தார். "என்கிட்டயும் சொன்னா. ஆஸ்பத்திரியில, கையைப் பிடிச்சுக்கிட்டு. நான் மதியம் வந்ததும் மொதல்ல அதுக்குத்தான் ஊத்துவேன். அப்புறம்தான் அடுப்பையே பத்த வைப்பேன்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா எழுந்து போகவில்லை. "நான் விடியக்காலைல வேலைக்குப் போறப்ப ஊத்துவேன்" என்றார். "வாடுற மாதிரி இருந்துச்சா, கொஞ்ச நாளா ஒரு சொம்பு ஊத்துறேன்."

"நான் ஸ்கூல் போறதுக்கு முன்னாடி" என்றாள் வாயாடி.

தம்பி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். நாலு பேர்.

"எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சாத்தான் ஒருத்தராவது செய்வீங்க" என்றார் அப்பா. அம்மா சொல்கிற அதே மாதிரி சொன்னார். "வாழ்க்கைல மொதல் தடவையா எல்லாரும் அவ பேச்சைக் கேட்டிருக்கோம்."

சொல்லும்போது சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்துபோனது. அவர் அழுதார். சித்தியும் அழுதார். தம்பி ஓடிப்போய் அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டான். வாயாடி எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாளும் ஆளுக்கு ஒரு மூலையில் அழுதவர்கள் அன்றுதான் ஒன்றாக அழுதார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா தொட்டியை இறக்கினார். செடியின் அடியைப் பிடித்து லேசாகத் தூக்கினார். வேர் அறுந்து, கறுப்பாக, கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது.

"இதுவும் செத்துப்போச்சா?" என்றான் தம்பி.

பொய் சொல்லலாமா என்று வாயாடி ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகு, "வேர் செத்துப்போச்சுடா" என்றாள். "நுனி பாரு. சில நுனி இன்னும் பச்சையா இருக்கு."

அப்பா தன் வேலைப் பையிலிருந்து வயர் வெட்டுகிற கத்தியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அழுகாத நுனிகளை மட்டும் வாயாடி பார்த்துப் பார்த்து வெட்டினாள். ஒரு கைப்பிடிதான் தேறியது.

"கொண்டா, ஒரு டம்ளர் தண்ணில போட்டு வைக்கிறேன்" என்றார் சித்தி.

"வேண்டாம் சித்தி. வெட்டுன இடம் காயுற வரைக்கும் இதுக்குத் தண்ணியே காட்டக் கூடாது."

"பச்சைத் தண்டு காஞ்சு போயிடாதா?"

"கீழ சன்ஷேடுல விழுந்தது காயலையே." வாயாடி சித்தியை ஜன்னலுக்கு அழைத்துப் போய், தெரு விளக்கு வெளிச்சத்தில் கீழே காட்டினாள். பூக்கள் மூடியிருந்தன. தண்டுகள் மட்டும் தொங்கின. சித்தி எட்டி எட்டிப் பார்த்தார். அப்புறம் சரி என்று தலையாட்டினார்.

நுனிகளைப் பரப்பி வைக்கத் தையல் மெஷின் மேல்தான் இடம் இருந்தது. சித்தி கொஞ்சம் தயங்கிவிட்டு, ஊசியைத் தூக்கி, பாதி தைத்த சட்டையை வெளியே எடுத்தார். "துவைச்சு, நானே மிச்சத்தைத் தைக்கிறேன்" என்றார்.

அதன் பிறகுதான் கஷ்டமான வேலை. ஒன்றும் செய்யாமல் இருக்கும் வேலை. தம்பி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மெஷினையே சுற்றிச் சுற்றி வந்தான். அப்பா காலையில் சொம்பை எடுப்பார், அசட்டுச் சிரிப்போடு திரும்ப வைப்பார். சித்தி மட்டும் வாயாடி பார்க்காத நேரத்தில் ஒரு நுனியின் மேல் லேசாகத் தெளித்துவிட்டார். அது அழுகிப்போனது. அவரே வந்து ஒப்புக்கொண்டார்.

வெட்டிய இடமெல்லாம் காய்ந்து மூடியதும், வாயாடி பழைய மண்ணைக் கொட்டினாள். மணல் கலந்த புது மண்ணில் நுனிகளை ஊன்றினாள். சேறு அடைத்துக்கொண்ட தொட்டியின் அடி ஓட்டையை ஆணியால் குத்தித் திறந்துவிட்டாள். ஒரு சட்டமும் போட்டாள்.

"மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாக்கணும். காஞ்சிருந்தா மட்டும் ஊத்தணும். ஊத்துறவங்க வீடே கேக்குற மாதிரி சொல்லிட்டு ஊத்தணும்."

சட்டம் எப்படியோ தலைகீழாகிவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போதே அப்பா, "நான் இன்னைக்கு ஊத்தல" என்பார். "நானும் ஊத்தல" என்று சமையலறையிலிருந்து சித்தியின் குரல் வரும். அதிலிருந்து பேச்சு அம்மாவிடம் போகும். அம்மா எப்போது தண்ணீர் ஊற்றுவார் என்று யோசித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் எத்தனையோ வேலை செய்ததை அவர்கள் பார்க்கவே இல்லை. அதை நினைக்க எல்லோருக்கும் வலித்தது. ஆனாலும் பேசினார்கள்.

ஊன்றியதில் பாதிக்கு மேல் வாடிப்போயின. மிச்சம் பிழைத்தன. மெல்ல மெல்லத் தொட்டி விளிம்பைத் தொட்டன.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது ஒரே ஒரு பூ கண் திறந்திருந்தது. வாயாடி சித்தியின் போனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, சோம்பேறி எழுந்துடுச்சு. வெயில் போச்சுன்னா மறுபடி தூங்கிடும். சீக்கிரம் வாங்க."

ஜன்னல் ஓரச் சுவரை விட்டு வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. பூவின் இதழ்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குவிய ஆரம்பித்தன. "மூடாத, மூடாத" என்று தம்பி அதனிடம் கெஞ்சினான். பழுப்புக் கறை படிந்த, இரண்டு கையும் வைத்த சட்டையை அவன் போட்டிருந்தான்.

கீழே படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அப்பா இரண்டிரண்டு படியாகத் தாவி வந்துகொண்டிருந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக ஜன்னலுக்கு வந்து நின்றார். பூ முழுதாக மூடவில்லை.

அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட்" என்றார்.

மிச்சத்தை வாயாடியும் தம்பியும் சித்தியும் சேர்ந்து சொன்னார்கள்.