போகாத ஒன்பது கடிதங்கள்

பிற்பகல் மூன்றரைக்கு கம்ப்யூட்டர் மெக்கானிக் பெண் வந்தாள். தோள்பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, சாப்பாட்டு மேசையில் இருந்த மடிக்கணினியைத் திறந்தாள்.

எதிரே பெரியவர் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். மகள் இறந்து நான்கு மாதம். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று உறவெல்லாம் நம்பியது. அந்த நம்பிக்கையின் மேல்தான் வீட்டின் கௌரவம் நின்றது. மடிக்கணினியை எரித்துவிடத்தான் நினைத்திருந்தார். மனைவி முந்திக்கொண்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். இன்று அவரைக் கேட்காமல் ஆளையும் வரவழைத்துவிட்டாள்.

"அவ போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கும்மா. நெட் வந்தா என் போனுக்கு அனுப்பிடுவீங்களா?" என்றாள் மனைவி.

"அனுப்பிடலாம்மா. விண்டோஸ் இல்லாம லினக்ஸ் போட்டிருக்காங்க. லினக்ஸ்னாலே நெட்டைப் பிடிக்கிற இந்த வைஃபை கார்டுதான் படுத்தும். புது மாப்பிள்ளை மாதிரி. காரணம் சொல்லாம மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும்."

நான்கு மாதத்தில் முதல் தடவையாக மனைவி சிரித்தாள். தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போனாள்.

மெக்கானிக் பெண் கட்டளைகளைத் தட்டும் கருப்புத் திரையை வரவழைத்து, அதில் முன்பு பதிந்திருந்தவற்றைப் பார்த்தாள்.

"என்ன சார் இது, கார்டைத் தேடச் சொல்லி ஒரே கட்டளைய நூத்துக்கணக்குல போட்டிருக்காங்க. போகப் போக எழுத்தெல்லாம் தப்புத் தப்பா இருக்கு. கை நடுங்கின மாதிரி."

பெரியவர் மாடிப்படிப் பக்கம் பார்த்தார். நான்கு மாதம் முன்பு மகளின் மாடி அறையிலிருந்து இரண்டு இரவும் ஒரு பகலும் தட்டச்சு ஓசை வந்தது. பிறகு மூச்சு இழுக்கும் ஓசை. பிறகு அதுவும் இல்லை.

அவள் மடிக்கணினியை அணைத்துக் கவிழ்த்தாள். திருகாணிகளைக் கழற்றி அடிமூடியை எடுத்தாள். கார்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மெல்லிய ஒயர்கள் மட்டும் கிடந்தன.

"கார்டே இல்ல சார். யாரோ கழட்டிருக்காங்க."

கழற்றியவர் அவர்தான். மகள் தகாத இடத்தில் மனதைக் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்த அன்று அவளுடைய கைப்பேசியைப் பிடுங்கினார். மூக்குக்கண்ணாடி முடுக்கும் சின்னத் திருப்புளியால் மடிக்கணினியின் கார்டைக் கழற்றினார். அறையை வெளியே தாழிட்டார். மனைவி அப்போது தன் தங்கை வீட்டில் இருந்தாள். மகளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் கூடத்து அலமாரியில் இருந்தது.

"சரி, விட்டுடுங்க," என்றார். குரல் ஆடவில்லை.

திருப்பி மாட்ட அவள் அடிமூடியைக் கையில் எடுத்தாள்.

மடிக்கணினியின் விளிம்பிலிருந்து வெளிச்சம் கசிந்தது.

திருப்பித் திறந்தாள். திரை எரிந்துகொண்டிருந்தது. மூலையில் வைஃபை குறி.

இன்ஹேலரின் கசப்பு வாசனை மேசையைச் சுற்றி எழுந்தது.

"சார்..." அவள் குரல் இறங்கியது. "ஒன்பது மெயில் தேங்கி இருந்திருக்கு. எல்லாம் அம்மாவுக்கு. போயிட்டிருக்கு சார்."

சமையலறையில் மனைவியின் கைப்பேசி ஒலித்தது.

மறுபடியும்.

மறுபடியும்.

பெரியவர் எண்ணினார். பயம் வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வரவில்லை. மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றுவதுபோல் இருந்தது. ஒன்பதாவது ஒலி அடங்கியதும் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஏங்க, கதவ வெளிய தாழ் போட்டீங்களா?"

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

மெக்கானிக் பெண் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

கைப்பேசி பத்தாவது முறை ஒலித்தது.

மனைவி அதைப் படிக்க வெகுநேரம் ஆயிற்று. "இப்ப அனுப்பிருக்கா," என்றாள் மெதுவாக. "அம்மா, அப்பா இன்னும் கதவத் திறக்கலன்னு எழுதிருக்கா."

யார் முகத்தையும் பார்க்காமல் மாடிப்படி ஏறினாள்.

அந்தக் கதவில் இப்போது தாழ்ப்பாள் கிடையாது. மகளின் உடலைத் தூக்கிப்போன மறுநாளே அவர் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டார்; கதவு அன்றிலிருந்து திறந்தேதான் கிடக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தார்.

மேலே, தாழ்ப்பாளை விலக்கும் சத்தம் கேட்டது.