நாவலில் வருவது யார்

செவ்வாய்க் கிரகத்தில் ஐம்பது வயது நிறைந்தவர்களுக்கு நகராட்சியே தன்வரலாறு எழுதிக் கொடுத்துவிடும். காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் நினைவுச்சில்லைக் கழற்றி எழுத்துப்பொறியில் செருகினால் போதும். ஒரு சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டு வரும் நேரத்தில் அறுநூறு பக்கம் தயாராகிவிடும். அதனால் செங்குமிழி என்ற அந்தக் குடியிருப்பில் ஐம்பதைத் தாண்டிய எல்லோருமே எழுத்தாளர்கள். படிக்கத்தான் ஆள் இல்லை.

மாசிலாமணி படித்தார். பிராணவாயு ஆலையில் அழுத்தமானியின் முள் பச்சைக் கோட்டைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. முள் தாண்டியதே இல்லை. ஆகவே அக்கம்பக்கத்தாரின் தன்வரலாறுகளையும் பூமியிலிருந்து வரும் நாவல்களையும் படித்து, வெள்ளிக்கிழமைகளில் குடியிருப்பு வானொலியில் அபிப்பிராயம் சொல்வார்.

"நான் பண்டிதன் இல்லீங்க, சும்மா படிக்கிறவன்" என்றுதான் ஆரம்பிப்பார். பிறகு ஒருவரையும் விடமாட்டார். ஒரு நாவலில் நாற்பது பக்கம் மழை பெய்தது. மழையையே பார்த்திராத நேயர்களிடம், "ஆளுக்கொரு குடை எடுத்துட்டுப் போயிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும்" என்றார். எதிர்வீட்டுப் பொன்னுதுரையின் தன்வரலாற்றில் குளியலறை வரிசையைப் பற்றி மட்டும் எண்பது பக்கம் இருந்தது. அந்த எண்பதில்தான் மனிதர் மனம்விட்டுப் பேசுகிறார் என்று மாசிலாமணி சொன்னபோது குடியிருப்பே சிரித்தது. பொன்னுதுரைகூடச் சிரித்தார்.

அப்போதுதான் மாசிலாமணியின் மனைவி அம்சவேணிக்கு ஐம்பது நிறைந்தது. தன்வரலாறு கைக்கு வந்ததும் மாசிலாமணி முதல் வேலையாக அதில் தன் பெயரைத் தேடினார். ஏழு இடங்களில் இருந்தது. ஐந்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"நடை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆழம் போதல. நம்பகத்தன்மையும் கொஞ்சம் கம்மி" என்றார் வானொலியில்.

வீடு திரும்பியபோது அம்சவேணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சில்லு பொய் சொல்லுமாங்க?"

"பொய்யுன்னு சொல்லல. விட்டுப்போச்சுன்னு சொல்றேன். இத்தன வருசம் கூடவே இருந்திருக்கேன்ல."

"நாம எதக் கவனிக்கிறோமோ அதத்தான் அது பிடிச்சு வைக்கும். எத்தன பக்கம் படிச்சீங்க?"

"முக்கியமான பக்கமெல்லாம் படிச்சேன்."

"உங்களோடதுல நான் எத்தன இடத்துல வர்றேன் தெரியுமா? ரெண்டு. ரெண்டுலயும் சட்டை எங்கன்னு கேக்குறீங்க."

அதன் பிறகு பல நாட்கள் இருவரும் தனித்தனியாகவே சாப்பிட்டார்கள். அம்சவேணிக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். தன் சில்லிலும் அவர் குறட்டையாகத்தானே தங்கியிருக்கிறார்?

இனிமேல் எதையாவது உற்றுக் கவனித்து, சில்லின் தயவில்லாமல் தானே எழுதுவது என்று தீர்மானித்தாள். கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருந்தது பெருக்கி. குடியிருப்பை மூடிய குமிழிக்குள் எப்படியோ புகுந்துவிடும் செந்தூசியைத் துடைக்கும் பொறி அது. அதையே நாவலாக்கி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் பிரதி கொடுத்தாள். அவள் எழுதிய பெருக்கி நாள் முழுதும் ஒரே கூடத்தைச் சுற்றியது. சுவரில் முட்டினால், சுவரைத் தப்பான இடத்தில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தது. ஓயாமல் இரைந்துகொண்டே, தன்னால்தான் வீடு நடக்கிறது என்று நம்பியது.

மாசிலாமணி அதை ஒரு பக்கம் விடாமல் படித்தார். அன்று முள்ளைப் பார்க்கவே மறந்துபோனார். நேராக வீட்டுக்கு வந்தார்.

"என்னப் பத்தி இப்படி எழுதலாமா?"

"அது தூசி துடைக்கிற பொறிங்க. முதல் வரியிலயே சொல்லியிருக்கேன்."

"பொறின்னு போட்டுட்டா ஆள் தெரியாதா?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவைத் தட்டிக்கொண்டு பொன்னுதுரை வந்தார். "தங்கச்சி, நான் வீட்டுக்குள்ள இரைஞ்சுக்கிட்டே திரியிறத உனக்கு யார் சொன்னது? என் சம்சாரந்தானே?" அவருக்குப் பின்னால் முகம் சிவந்த இன்னும் மூன்று கணவர்கள் நின்றார்கள்.

மாசிலாமணிக்கு எரிச்சல் வந்தது. "யோவ், அது நான்யா. என் பொண்டாட்டி உன்னப் பத்தி எதுக்கு எழுதுறா?"

"சுவத்துல முட்டுறது நான். என் வீட்டுல வந்து கேட்டுப் பாரு."

விவாதம் வெகுநேரம் நடந்தது. கடைசியில் எழுதியவளின் கணவர் என்ற உரிமையில் மாசிலாமணியே வென்றார். முந்நூறு பக்கமும் தானேதான் என்று உறுதியானதும் அவருக்குள் இனம்தெரியாத ஒரு சந்தோஷம் பரவியது. "நல்லாத்தான் எழுதியிருக்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அவளுக்கும் சேர்த்து இரண்டு தட்டு எடுத்து வைத்தார். அம்சவேணி வந்து உட்கார்ந்தாள்.

சாப்பாடு முடிந்த பிறகுதான் கூடத்தில் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தாள். பெருக்கி மின்னேற்றும் மூலையில் அசையாமல் நின்றது. அங்கே நிற்கும்போதெல்லாம் வீட்டுக்கு வரும் புத்தகங்களைப் படிப்பது அதன் வழக்கம்.

"என்ன பெருக்கி, ஏன் நின்னுட்ட?"

"உங்க நாவலப் படிச்சேம்மா. அந்தப் பொறிப் பாத்திரம் அருமை. அப்படியே நம்ம ஐயாதான்." அது சற்றுத் தயங்கியது. "ஆனா நானும் இத்தன வருசமா இந்த வீட்டுல உழைக்கிறேன். என்னப் பத்தி ஒரு வரிகூட இல்லையேம்மா."